நேரமில்லாதவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்குதல்: மூலக்குளம், புதுச்சேரி

வேலை, வீடு, பயணம் ஆகியவற்றுக்கிடையே நாளைக் கழிக்கும் பெரியவர்கள் புதிதாக உடற்பயிற்சிப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது இன்று புதுச்சேரியின் முக்கிய நலவாழ்வுத் தேவைகளுள் ஒன்றாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்திய அளவில் இது 11.4 விழுக்காடு. கோவா (26.4) மட்டுமே புதுச்சேரியை விட முன்னால் உள்ளது.

பின்னணி

உடலுழைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 1953-இல் ஜெரி மாரிஸ் குழுவினர் இலண்டன் பேருந்துகளில் ஆராய்ந்தனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களை விட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய 2014-ஆம் ஆண்டு இந்திய ஆய்வொன்றில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்களாக இருந்தனர். நீரிழிவின் முன்நிலையில் இருந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன.

தேவையான அளவு

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்குப் பின்வருமாறு கூறுகிறது:

• வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உடலியக்கம்.
• வாரத்தில் இரு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி.

ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை இதில் நீக்கப்பட்டது. நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய வசதி. மாடிப்படி ஏறுவதும் கடைக்கு வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம்.

தொடங்கும் முறை

1. முதல் இரு வாரம் நாளுக்கு 10 நிமிட நடை போதும். பிறகு வாரத்துக்குச் சில நிமிடங்களாகக் கூட்டலாம்.
2. பயிற்சியை ஏற்கெனவே உள்ள ஒரு வழக்கத்துடன் இணைக்க வேண்டும். காலைக் காப்பிக்குப் பின், பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பின் என நேரம் குறித்துக்கொள்ளலாம்.
3. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், தோப்புக்கரணம் போன்றவற்றை வாரம் இரு நாள் வீட்டிலேயே செய்யலாம்.
4. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர வேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில், புதிய செயல் பழக்கமாக மாற 18 முதல் 254 நாள் வரை ஆனது. ஒரு நாள் விட்டுப்போனது அதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

மூலக்குளத்துச் சூழல்

மூலக்குளம் உழவர்கரை நகராட்சிப் பகுதியில், விழுப்புரம் சாலையில் உள்ளது. முதன்மைச் சாலையில் வாகன நெரிசல் மிகுதி என்பதால், நடைக்கு உட்தெருக்களும் அதிகாலையும் ஏற்றவை. பேருந்தில் செல்வோர் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தால், தனி நேரம் ஒதுக்காமலே பயிற்சி கிடைக்கும். விடுமுறை நாளில் நகரின் கடற்கரைச் சாலைக்குச் செல்லலாம். அங்கு மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கத்திரி வெயிலிலும் வீட்டுக்குள் செய்யும் பயிற்சியே பாதுகாப்பானது.

எச்சரிக்கை

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலின் அல்லது சில நீரிழிவு மாத்திரைகளை எடுப்போருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழக்கூடும். ஆகவே இனிப்பு ஏதேனும் கையில் வைத்திருப்பது நல்லது. நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே பயிற்சியை நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும்.