கடைசி வருடப் பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கிறார்களா? கேட்டு வாங்க நிறைய இருக்கிறது!

"வணக்கம்யா... நாங்க வேளாண்மைக் கல்லூரியில பி.எஸ்சி. அக்ரி கடைசி வருசம் படிக்கிறோம். உங்க ஊர்ல தங்கி விவசாயம் கத்துக்க வந்திருக்கோம்."

தோளில் பையும் கையில் நோட்டுமாக ஏழெட்டுப் பிள்ளைகள் பால் சொசைட்டி வாசலிலோ டீக்கடை பெஞ்சுப் பக்கத்திலோ நின்று, இப்படித் தங்களை அறிமுகம் செய்துகொள்வதைத் தமிழகத்தின் பல ஊர்களில் பார்க்கலாம். கேட்கும் விவசாயிகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். 'ஏதோ கணக்கெடுக்க வந்திருக்குதுங்க' என்று பேரையும் ஏக்கரையும் சொல்லி அனுப்பிவிடுவது ஒன்று. அதிகாரிகள் என்று நினைத்து, 'சொட்டுநீர் மானியம் எப்பம்மா கிடைக்கும்?' என்று கேட்பது மற்றொன்று. இரண்டிலும் பிள்ளைகளுக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். மூன்று வருடத்துக்கு மேல் பயிரையும் மண்ணையும் படித்தவர்கள், காசு கேட்காமல் ஊரிலேயே வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் அந்தச் சில வாரங்கள் வயலுக்கு உதவும்.

எதற்காக வருகிறார்கள்?

வேளாண் பட்டப்படிப்பு 4 வருடம். மொத்தம் 8 பருவங்கள். அதில் கடைசி வருடத்தில் வருவதுதான் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம். 2015 ஜூலை 25-ம் தேதி நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தில் இதுவும் ஒரு பகுதி. கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்த்து, அதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தால்தான் இந்தப் பருவத்துக்கு மதிப்பெண். எத்தனை வாரம் தங்குவது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர், மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, குடுமியான்மலை, ஈச்சங்கோட்டை, வாழவச்சனூர் போன்ற கல்லூரிகளிலிருந்தும், இணைப்புத் தனியார் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் இப்படி வருகிறார்கள்.

வருபவர்கள் எல்லோரும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேர்ந்தவர்களில் நகரத்தில் வளர்ந்தவர்களும் உண்டு. 2021-ல் தமிழக அரசு சட்டமாகக் கொண்டுவந்த 7.5 சதவிகித ஒதுக்கீட்டில், அரசுப் பள்ளியில் படித்துச் சேர்ந்தவர்களும் உண்டு. அதனால், 'நாத்து எது, களை எதுன்னு தெரியுமா?' என்ற கிண்டலோடு பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை. களைகளைத் தேடிப் பறித்துக் காயவைத்து ஒட்டுவதும், பூச்சிகளைப் பிடித்துப் பெட்டியில் குத்திப் பெயர் எழுதுவதும் இவர்களுக்குக் கல்லூரியிலேயே கட்டாயப் பாடம். கல்லூரிப் பண்ணையில் தங்களுக்கென ஒதுக்கப்படும் பாத்தியில் பயிர் செய்தும் பழகியிருப்பார்கள்.

உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், தோட்டக்கலை, வேளாண் பொருளாதாரம், விரிவாக்கம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்திருப்பார்கள். ஆனால் ஒருவருக்குப் பூச்சி பிடிக்கும், ஒருவருக்கு மண் பிடிக்கும், இன்னொருவருக்குக் காளான் வளர்ப்பு கைவந்திருக்கும். 'உனக்கு எந்தப் பாடம்மா பிடிக்கும்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். யாரிடம் எதைக் கேட்கலாம் என்பது விவசாயிக்குத் தெரிந்துவிடும்.

இவர்களால் செய்து காட்ட முடிந்தவை

செலவு குறைந்த தொழில்நுட்பங்களைச் செயல்விளக்கமாகச் செய்து காட்டுவதுதான் இந்தப் பிள்ளைகளின் முக்கியமான வேலை. ஊர்ப் பொதுவில் ஒருமுறை செய்து காட்டுவதோடு நிறுத்தாமல், சொந்த வயலுக்கு அழைத்துச் சென்று செய்யச் சொல்வது நல்லது. அப்படிக் கேட்டு வாங்க வேண்டியவற்றில் சில:

விதை நெல் தேர்வு: 10 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிலோ கல் உப்பைக் கரைக்க வேண்டும். புதிய கோழிமுட்டையை அதில் போட்டால் மிதக்கும். முட்டையின் மேல்பகுதி பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் சரியான பதம். இதில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை நெல்லும் மேலே வந்துவிடும். அடியில் தங்கும் கனமான விதையை மட்டும் எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து விதைநேர்த்தி செய்யலாம்.

மண் மாதிரி: 'மண் பரிசோதனை செய்யுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாதிரியைத் தவறாக எடுத்தால் முடிவும் தவறாகத்தான் வரும். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் போட்ட இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவத்தில் குழி எடுக்க வேண்டும். நெல்லுக்கு அரையடி ஆழம் போதும். கரும்பு, பருத்தி, வாழைக்கு முக்கால் அடி. எடுத்த மண்ணையெல்லாம் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிர் எதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு ஒருமுறை எடுத்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கும் பழகிவிடும்.

இலை வண்ண அட்டை: நெல் வயலில் யூரியாவை எப்போது போடுவது என்பதைப் பயிரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள உதவும் சின்ன அட்டை இது. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் இலையில் விழாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு அளவு 3. மற்ற ரகங்களுக்கு 4. பத்துப் பயிரில் ஆறுக்கு மேல் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து மேலுரம் கொடுத்தால் போதும். பழக்கத்துக்காகப் போடும் யூரியா மிச்சமாகும். தழைச்சத்து கூடிப்போவதால் தேடி வரும் பூச்சி, நோயும் குறையும்.

தென்னைக்கு வேர்வழி டானிக் கட்டுவது, உளுந்து, பாசிப்பயறு பூக்கும் தருணத்தில் ஏக்கருக்கு 2 கிலோ பயறு ஒண்டரை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது, அசோலா வளர்ப்பது போன்றவற்றையும் இவர்கள் செய்து காட்டுவார்கள். இவற்றில் எது தன் வயலுக்குத் தேவை என்பதைச் சொல்ல வேண்டியவர் விவசாயிதான்.

கோலமாவு வரைபடம்

கோயில் திடலில் கலர் கோலமாவு கொண்டு பிள்ளைகள் ஊரையே வரைவதைப் பார்த்து, 'விளையாடுதுங்க' என்று சிலர் சிரிப்பது உண்டு. பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று இதற்குப் பெயர். ஊர்க்காரர்களையே சுற்றி நிற்கவைத்து, ஏரி எங்கே, வரத்து வாய்க்கால் எங்கே, கிணறு எங்கே, எந்தப் பக்கம் கரிசல், எந்தப் பக்கம் செம்மண், எந்த மாதம் என்ன பயிர், எந்த மாதம் கூலி வேலை கிடைக்காது என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு வரைவார்கள். பிரச்னைகளை வரிசைப்படுத்தவும் சொல்வார்கள்.

பெரியவர்கள் வாயைத் திறக்க வேண்டிய இடம் இது. காணாமல்போன வரத்து வாய்க்காலும் தூர்ந்த குட்டையும் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் அதைத் தாளில் ஏற்றிவிட்டால் அது எழுத்தாக ஊரில் நிற்கும். அந்த வரைபடத்திலும் பிரச்னைப் பட்டியலிலும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, கிராம சபையில் வைத்துப் பேசலாம். கேட்காவிட்டால் அது கல்லூரி அலமாரிக்குப் போய்விடும்.

இன்று வரும் குழுக்களில் பெண் பிள்ளைகள் நிறைய. நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வயலில் நாளெல்லாம் நிற்கும் பெண்களிடம் வேளாண் ஆலோசனை கேட்க யாரும் வருவதில்லை, சொல்லவும் வருவதில்லை. இந்த மாணவிகள் காலையில் எழுவதிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரு பெண் என்னென்ன வேலை செய்கிறாள் என்று மணிக்கணக்கில் குறித்துக்கொள்கிறார்கள். விதைநேர்த்தியைத் தாத்தாவிடமும் அப்பாவிடமும் சொல்வதோடு விட்டுவிடாமல், விதையை ஊறவைக்கும் அம்மாவிடமும் சொல்லச் சொன்னால் அது வீட்டில் நிலைக்கும்.

எதைக் கேட்கக் கூடாது?

மானியம், கடன், பயிர்க் காப்பீடு ஆகியவை இவர்கள் கையில் இல்லை. மானியத்துக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையம்தான் போக வேண்டும். அதேபோல, 'இந்தப் புழுவுக்கு என்ன மருந்தும்மா?' என்று கேட்டு, அங்கேயே ஒரு பேரைச் சொல்லவைத்து, கடைக்கு ஓடக் கூடாது. படிக்கிற பிள்ளை தவறிச் சொல்லவும் வாய்ப்புண்டு. பாதித்த செடியை வேரோடு காட்டி, போட்டோ எடுக்கவைத்து, பேராசிரியரிடம் கேட்டு மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்வதுதான் முறை. ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்ட ஒரு பேராசிரியர் இருப்பார். மாணவர்கள் மூலமாக அவரை ஒருநாள் வயலுக்கே அழைத்துவரவும் முடியும்.

'படிச்சுட்டு என்ன பண்ணப் போறே?'

ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலானவர்களின் முதல் பதில் அரசு வேலைதான். டி.என்.பி.எஸ்.சி. மூலம் வேளாண்மை அலுவலர், வங்கிகளில் வேளாண் கள அலுவலர், இந்திய வனப் பணி, குடிமைப் பணி ஆகியவற்றுக்குத் தயாராகிறார்கள். சிலர் நுழைவுத்தேர்வு எழுதி முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறார்கள். விதை, உர நிறுவனங்களில் சேர்பவர்களும் உண்டு.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, மத்திய அரசு 2002-ல் தொடங்கிய வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் பயிற்சி முடித்தால், தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன் கிடைக்கும். அதில் பொதுப் பிரிவினருக்கு 36 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவிகிதம் மானியம் உண்டு. மண் பரிசோதனை, நாற்றுப்பண்ணை, இயந்திர வாடகை மையம் என்று ஒரு பட்டதாரி ஊர்ப்பக்கமே கடை போட்டால், சுற்றியிருக்கும் விவசாயிகளுக்கும் அது வசதி.

இவர்களில் யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதைப் பாடப்புத்தகம் மட்டும் முடிவு செய்வதில்லை. திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்த எம்.எஸ்.சுவாமிநாதனை, 1943-ல் வந்த வங்கப் பஞ்சம்தான் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிக்குத் திருப்பியது. பின்னாளில் காவல் பணிக்குத் தேர்வாகியும் அவர் பயிர் ஆராய்ச்சியையே எடுத்துக்கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த கோ.நம்மாழ்வார், 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத இடுபொருள்களை வைத்து நடந்த ஆராய்ச்சியில் மனம் ஒப்பாமல் சில வருடங்களில் வெளியேறி, இயற்கை விவசாயத்துக்கு வந்தார். இருவரின் பாதையும் வேறு வேறு. ஆனால் கண்ணால் கண்ட பசியும் வறட்சியும்தான் இருவரையும் அந்தப் பாதையில் இறக்கிவிட்டன.

இன்று ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். 'இவ்வளவு படிச்சுட்டு மறுபடியும் சேத்துலயா காலு வைக்கப் போறே? பேசாம பேங்க் வேலைக்குப் போ' என்று விவசாயியே சொன்னால், அந்தப் பிள்ளை அதையும் பாடமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கஷ்டத்தை மறைக்க வேண்டியதில்லை. உழவுக்கு எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு, மூட்டை என்ன விலைக்குப் போனது, கையில் என்ன நின்றது என்று வரவு-செலவை உள்ளபடி எழுதிக்கொள்ளச் சொல்லலாம். நாளைக்கு அதே பிள்ளை வேளாண்மை அலுவலராகவோ வங்கியில் கடன் பரிந்துரைப்பவராகவோ உட்காரும்போது, இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

போவதற்குள் செய்ய வேண்டியவை

பயிற்சி முடிந்து குழு கிளம்புவதற்கு முன் விவசாயிகள் மூன்று வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது. முதலாவது, ஏக்கர் முழுக்க இல்லாமல் ஐந்து சென்ட்டில் மட்டும் புதிய முறையைச் செய்து, பக்கத்தில் வழக்கமான முறையை வைத்து ஒப்பிடுவது. இரண்டாவது, செய்து காட்டிய ஒவ்வொன்றின் அளவையும் நாளையும் தமிழில் எழுதி வாங்கி வீட்டில் மாட்டுவது. மூன்றாவது, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குவது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு சந்தேகம் கேட்க அதுதான் இடம்.

அந்த ஐந்து சென்ட்டில் அறுவடை ஆனதும், எத்தனை கிலோ கண்டது என்று அந்த மாணவருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிட வேண்டும். கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் சொல்ல வேண்டும். படித்தது வயலில் பலித்ததா என்பதை அந்தப் பிள்ளை வேறு எங்கும் தெரிந்துகொள்ள முடியாது.