யூரியாவைக் கொஞ்சம் கீழே வைங்க!

வீட்டு வாசல்ல நாலு தொட்டி, பக்கத்துல சின்னதா ஒரு புல்தரை. வச்ச புதுசுல நல்லாத்தான் இருக்கும். மூணு நாலு மாசத்துல துளிர் இலையெல்லாம் மஞ்சள் தட்ட ஆரம்பிக்கும். உடனே நம்ம ஊர்ல நடக்கிறது என்ன? "சத்து பத்தல" என்று ஒருத்தர் சொல்வார், உரக்கடையில அரைக்கிலோ யூரியா வாங்கி வந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி போடுவோம். பத்து நாள்ல செடி இன்னும் மஞ்சளாகும், இல்லைன்னா இலை ஓரம் கருகும். கடைசியில "நம்ம கை ராசி அப்படி" என்று முடிச்சிடுவோம்.

கை ராசியில ஒண்ணுமில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்ல பல இடத்துல பிரச்சனை மண்ணுக்குள்ள இருக்கு, தண்ணிக்குள்ளயும் இருக்கு. அதுவும் முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி லேப்ல நீங்க ஏற்கெனவே கையால தொட்ட பிரச்சனை.

நம்ம நிலம் ஒரு காலத்துல கடல். காரை, குளக்கல்நத்தம் பக்கம் பைக்ல போனவங்க அந்த வெடிச்ச செம்மண் மேடுகளையும் அதுல கிடக்கிற சிப்பிகளையும் பார்த்திருப்பீங்க. 1862-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைப் பற்றி விரிவா எழுதினார். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம்ம ஊர்ப் பெயர்களே இன்னைக்கும் உலக நிலவியல் புத்தகங்கள்ல பாறைக் குழுமங்களின் பெயரா இருக்கு. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுத்தி இத்தனை சிமென்ட் ஆலைகள். சிமென்டுக்கு வரம், உங்க வீட்டு இட்லிப்பூச் செடிக்கு சாபம்.

காரணம் இதுதான். மண்ணில் கால்சியம் கார்பனேட் தாராளமா இருந்தா பி.எச். 8-ஐ ஒட்டி நின்னுடும். மண்ணில் இரும்பு இல்லாம போகாது, ஏராளமா இருக்கும். ஆனா பி.எச். ஒரு அலகு ஏறினா கரைசல்ல இருக்கிற இரும்பு(3+) அயனியின் அளவு ஆயிரம் மடங்கு குறையும். ஆறிலிருந்து எட்டுக்குப் போனா பத்து லட்சம் மடங்கு. பூட்டின பீரோவுல பணம் இருக்கு, சாவி இல்லை. இலை பச்சையம் தயாரிக்க இரும்பு வேணும். அது வேருக்குக் கிடைக்காததால துளிர் மஞ்சளா வருது.

அதனால உரம் எடுக்கிறதுக்கு முன்னாடி இலையைப் பாருங்க. எந்த இலை மஞ்சள்? அடி இலை, பழைய இலை, முழுசா ஒரே சீரா வெளிறி இருந்தா அது தழைச்சத்துக் குறை. நைட்ரஜன் செடிக்குள்ள இடம் மாறும். பத்தலைன்னா பழைய இலையில இருந்து உருவி புதுத் துளிருக்கு அனுப்பிடும். இரும்பு அப்படி நகராது. அதனால நுனித் துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி நின்னா அது இரும்புக் குறை. அடி இலையில நரம்புக்கு இடையில மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியத்தைச் சந்தேகப்படலாம். இட்லிப்பூ, ரோஜா, செம்பருத்தி மூணும் நம்ம மண்ணில் முதல்ல காட்டிக் கொடுக்கும். கடலை போடுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது புதுசா இருக்காது. சுண்ணாம்பு நிலத்துல கடலை மஞ்சளாகிறதும் இதே கதைதான்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. கொஞ்சம் காய்ந்த மண்ணை ஒரு மூடியில போட்டு வினிகர் ஊத்துங்க. நுரைச்சுப் பொங்கினா சுண்ணாம்பு இருக்கு என்று அர்த்தம். நிலவியல்காரங்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வச்சு களத்துல செய்றதும் இதுதான். (அதுக்காக லேப்ல இருந்து அமிலத்தைச் சுட்டுட்டு வராதீங்க, வினிகர் போதும்.)

சரி, மண்ணையே அமிலமாக்கிடலாமே, கந்தகம் போட்டா போச்சு என்று யூடியூப்ல சொல்றாங்களே? கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 அடிக்கு 10 அடி புல்தரை, அதாவது 18.6 சதுர மீட்டர். மேல் 15 செ.மீ. மண் மட்டும் எடுத்தா சுமார் 2.8 கன மீட்டர், எடை ஏறக்குறைய 3.6 டன். அதுல வெறும் 1 சதவீதம் சுண்ணாம்பு என்று வச்சுக்கிட்டாலும் 36 கிலோ. அதை முழுசா கரைக்க 11 கிலோவுக்கு மேல கந்தகம் வேணும். 10 சதவீதம் என்றால் நூறு கிலோவைத் தாண்டும். அதுக்கப்புறமும் போர் தண்ணி தினமும் புதுசா சுண்ணாம்பைக் கொண்டு வந்து சேர்க்கும். தரையோட மல்லுக்கட்டாதீங்க. செடியை மட்டும் கவனிங்க.

அதுக்கு நம்ம உரக்கடையிலயே மருந்து இருக்கு: அன்னபேதி. ஃபெரஸ் சல்பேட்டுக்கு நம்ம ஆட்கள் வச்ச பெயர். வெளிர் பச்சைப் படிகமா இருக்கணும். பழுப்பா மாறியிருந்தா ஆக்சிஜனேற்றம் ஆகிடுச்சு, வாங்காதீங்க. ஒரு லிட்டர் நல்ல தண்ணியில 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் (கடையில எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவாங்க). முதல்ல சிட்ரிக் அமிலத்தைக் கரைச்சிட்டு அப்புறம் அன்னபேதி. கலக்கினதும் சாயங்கால வெயில்ல இலையின் ரெண்டு பக்கமும் நனையுற மாதிரி தெளிங்க. மறுநாளைக்கு என்று மிச்சம் வைக்காதீங்க, பழுப்பாகிப் போயிடும். பத்து நாள் இடைவெளியில மூணு தடவை. முதல்ல ஒரு கிளையில மட்டும் தெளிச்சு ரெண்டு நாள் பார்த்துட்டு மீதிக்குப் போங்க. பூ மேல படக்கூடாது. டைல்ஸ் மேல பட்டா துருக்கறை விழும், அம்மாகிட்ட திட்டு நிச்சயம். புல்தரைக்கும் இதே கரைசல்தான். புல் கடகடன்னு வளராம நிறம் மட்டும் ஏறும், வெட்டுற வேலையும் கூடாது.

கடையில "இரும்பு கீலேட்" என்று பாக்கெட்டும் கிடைக்கும். இங்கதான் நம்ம லேப் வருது. தண்ணியின் கடினத்தன்மை பார்க்க எரியோகுரோம் பிளாக்-டி சேர்த்து, ஒயின் சிவப்பு நீலமாகிற வரைக்கும் இ.டி.டி.ஏ. விட்டது ஞாபகம் இருக்கா? அந்த இ.டி.டி.ஏ.தான் மலிவான பாக்கெட்டுலயும் இருக்கு. இரும்பு(3+)-ஐப் பிடிக்கிற அதன் நிலைப்பு மாறிலியின் மடக்கை சுமார் 25. கால்சியத்துக்கு சுமார் 10.7. எண்ணைப் பார்த்தா இரும்பை விடவே விடாது என்று தோணும். ஆனா பி.எச். ஏறினதும் இரும்பு ஹைட்ராக்சைடா படிஞ்சு ஆட்டத்தை விட்டே வெளியே போயிடும். கோடிக்கணக்கா நிக்கிற கால்சியம் அந்த இடத்துல வந்து உட்கார்ந்துக்கும். அதனால இ.டி.டி.ஏ. இரும்பை நம்ம மண்ணில் ஊத்துறது வீண், இலைக்குத் தெளிக்க மட்டும் சரி. டி.டி.பி.ஏ. வகை பி.எச். 7.5 வரை தாங்கும். மண்ணில் ஊத்தணும் என்றால் இ.டி.டி.ஹெச்.ஏ. என்று போட்டிருக்கிற, கருஞ்சிவப்பா கரையுற வகை மட்டும்தான் 9 வரை தாக்குப்பிடிக்கும். விலை கூட, நாலு தொட்டிக்கு ஒரு சின்ன பாக்கெட் நாளைக்கு வரும்.

அடுத்தது தண்ணி. தொட்டியின் ஓரத்துல வெள்ளையா படியுதே, பக்கெட்டுலயும் குழாய் முனையிலயும் படியுற அதே சமாச்சாரம். பைகார்பனேட் நிறைஞ்ச போர் தண்ணியை ஒவ்வொரு நாளும் ஊத்தினா, நீங்க செம்மண்ணை வச்சே தொட்டி நிரப்பியிருந்தாலும் ஒரு வருஷத்துல அது சுண்ணாம்பு மண்ணாகிடும். மழைத் தண்ணி பிடிக்க முடிஞ்சா ஐப்பசி, கார்த்திகையில டிரம் வச்சுப் பிடிங்க. ஏ.சி.யில வடியுற தண்ணி தொட்டிக்கு அருமையானது, உப்பே கிடையாது. ஆனா ஆர்.ஓ. மெஷின் கழிச்சு விடுற தண்ணியை ஊத்தாதீங்க. "தண்ணி வீணாகுதே" என்ற நல்லெண்ணத்துலதான் செய்றாங்க, செடிக்குப் போறது இன்னும் அடர்த்தியான உப்பு. வேற வழியே இல்லை என்றால் காரத்தன்மையில பாதியை நடுநிலையாக்கலாம். கால்சியம் கார்பனேட்டா கணக்கிட்டா 300 மி.கி. காரத்தன்மை என்பது லிட்டருக்கு 6 மில்லி ஈக்விவலன்ட். பாதிக்கு 3. சிட்ரிக் அமிலத்தின் சமான எடை 64, ஆக லிட்டருக்கு சுமார் 0.2 கிராம், பத்து லிட்டர் வாளிக்கு 2 கிராம். உங்க வீட்டுத் தண்ணியை லேப்ல டைட்ரேட் பண்ணி உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. ரெக்கார்டு நோட்டுல எழுதுறதைத் தவிர அந்தப் பரிசோதனைக்கு வேற ஒரு உபயோகமும் இருக்கட்டுமே.

இப்ப யூரியாவுக்கு வருவோம். அடி இலைதான் மஞ்சள், தழைச்சத்துதான் வேணும் என்று உறுதியாகிடுச்சு. எவ்வளவு? புல்தரைக்கு மாசம் சதுர மீட்டருக்கு 2.5 கிராம் நைட்ரஜன் தாராளம். 18.6 சதுர மீட்டருக்கு 46 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், ஆக சரியா 100 கிராம். அவ்வளவுதான். அரைக்கிலோ இல்லை. உலர்ந்த புல் மேல மணலோட கலந்து தூவிட்டு உடனே தண்ணி விடுங்க. யூரியா சிதைஞ்சு அம்மோனியமாகும். நம்ம கார மண்ணில் மேலயே கிடந்தா அதுல ஒரு பங்கு அம்மோனியா வாயுவா பறந்துடும்.

தொட்டிக்குக் கணக்கு இன்னும் வேடிக்கை. 10 அங்குலத் தொட்டியின் வாய்ப்பரப்பு 0.05 சதுர மீட்டர். அதே விகிதத்துல 0.27 கிராம் யூரியா. ஒரு டீஸ்பூன் யூரியா ஏறக்குறைய 4 கிராம். அதாவது "ஒரே ஒரு ஸ்பூன்தான் போட்டேன்" என்றால் 15 மடங்கு. இலை ஓரம் கருகினதுக்குக் காரணம் இதுதான். தொட்டிக்கு யூரியாவே வேண்டாம். தண்ணியில கரையுற 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம் கரைச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை லிட்டர். இல்லைன்னா மண்புழு உரம் ஒன்றரை மாசத்துக்கு ரெண்டு கைப்பிடி. ஊற வச்ச கடலைப் புண்ணாக்கைப் பத்து மடங்கு தண்ணி விட்டு ஊத்துறதும் நல்லது, வாசனைக்கு பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதிச்சா.

அளவு மீறின யூரியா செடியோட நிக்காது, அதுதான் எனக்கு நிஜமாவே கவலை. அந்த 100 கிராம்ல உள்ள நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டா மாறி இறங்கினா சுமார் 200 கிராம் நைட்ரேட். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மி.கி. ஆக, தேவைக்கு மேல போடுற ஒவ்வொரு 100 கிராமும் 4,500 லிட்டர் சுத்தமான தண்ணியை அந்த எல்லை வரைக்கும் கொண்டு போக முடியும். புல்தரையிலிருந்து பத்தடியில போர் போட்டிருக்கிற வீடுகள் நம்ம ஊர்ல எத்தனை! காய்ச்சினா நைட்ரேட் போகாது. தண்ணி சுண்டி இன்னும் அடர்த்திதான் ஆகும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுல இது விளையாட்டு விஷயம் இல்லை.

டி.ஏ.பி. பற்றிக் கேக்கிறவங்களுக்கு: நம்ம மண்ணில் பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து கரையாத உப்பா உட்கார்ந்துடும். எவ்வளவு காலம் உட்காரும் என்றால், காரைக் களிமண்ணில் கிடக்கிற பாஸ்பேட் உருண்டைகள் சுமார் 10 கோடி வருஷமா அப்படியே கிடக்கு. போதாக்குறைக்கு மிஞ்சின பாஸ்பேட் இரும்புக் குறையையும் கூட்டும். அதே மாதிரி முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் வேற ஊர்க்காரங்க வீடியோவுக்கு சரி. நம்ம மண்ணில் அது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற வேலை.

தொட்டி வாங்கும்போதும் ஒரு கவனம். புது சிமென்ட் தொட்டியில இருந்து சுண்ணாம்பு கசியும். ஒரு வாரம் தண்ணி நிரப்பி, தினமும் மாத்திட்டு அப்புறம் மண் போடுங்க. கரிசலை மட்டும் போட்டா நனைஞ்சா குழம்பு, காஞ்சா செங்கல். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒண்ணு, நல்லா அலசின தென்னை நார்க்கழிவு ஒண்ணு. தண்ணி தேங்கினா வேர் மூச்சுத் திணறி, மண்ணுக்குள்ள பைகார்பனேட் சேர்ந்து மஞ்சள் இன்னும் கூடும். அடைமழை வாரத்துல செடி திடீர்னு வெளிறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

புல்லைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கடுமையானது. 200 சதுர அடிக்குக் கோடையில தினம் 5 மி.மீ. தண்ணி என்றாலே 93 லிட்டர். குடத்தோட வரிசையில நிக்கிற தெருவுல இது உறுத்தும். நம்ம வரப்புல தானா வளர்ற அருகம்புல்தான் வெளிநாட்டுல பெர்முடா என்ற பெயர்ல ஸ்டேடியத்துல கிடக்கு. அதையே போடுங்க. ஒரே வெட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. சித்திரை, வைகாசியில பழுப்பாச்சா, விட்டுடுங்க, உரமும் போடாதீங்க. அடித்தண்டு உயிரோட இருக்கும், முதல் நல்ல மழையில துளிர்த்துடும்.

இத்தனைக்கும் மேல சந்தேகம் இருந்தா மண் பரிசோதனை. வாலிகண்டபுரத்துல ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையம், அரியலூர் பக்கம் சோழமாதேவியில கிரீடு வேளாண் அறிவியல் மையம். நாலைஞ்சு இடத்துல 'வி' வடிவத்துல 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, ஒண்ணா கலந்து, நிழல்ல உலர்த்தி அரைக்கிலோ கொண்டு போங்க. உரம் போட்ட மறுநாள் எடுத்துட்டுப் போகாதீங்க.