நாணயத்தின் நாணயம்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். அரசு முத்திரையிட்டு வழங்கும் காசு ஒன்று. சொல்லும் செயலும் ஒத்து நிற்கும் நேர்மை மற்றொன்று. காசினைக் கையேற்பவர் அதன்மேற் பொறித்த எழுத்தை நம்பியே ஏற்கின்றனர். அவ்வெழுத்துப் பொய்க்குமாயின் காசின் நாணயமும் கெடும். அமெரிக்க நாட்டின் பழைய வெள்ளிக் காசுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவராவர்.

இங்கிலாந்தினின்றும் அமெரிக்காவிற் குடியேறிய மக்கள் தொடக்கத்திற் காசின்றி மிக இடர்ப்பட்டனர். ஸ்பானிய வெள்ளிக் காசுகளே அவர்களிடைப் பெரிதும் வழங்கின. அவற்றுள்ளும் எடை குறைந்தன பல. ஆகவே மாசசூசெட்ஸ் பகுதியினர் 1652ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகரில் அக்கசாலை ஒன்றை நிறுவினர். ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்னும் இருவர் அதனை நடத்தினர். முதலில் வெளிவந்த காசுகளில் ஒருபுறம் இரண்டு எழுத்துகளும் மறுபுறம் மதிப்பும் மட்டுமே இருந்தன. விளிம்பு வெறுமையாய்க் கிடந்தமையால், வஞ்சகர் ஓரத்தை நறுக்கி வெள்ளியைக் கவர்தல் எளிதாயிற்று. அதனைத் தடுக்கும் பொருட்டு, நடுவே மரத்தின் உருவமும் விளிம்பையொட்டி எழுத்துகளும் அமைத்தனர். முதலில் வில்லோ மரமும், அடுத்து ஓக் மரமும், இறுதியிற் பைன் மரமும் இடம்பெற்றன. இப்பணி 1682 வரை நடைபெற்றது. ஆயினும் அங்கு அடித்த ஷில்லிங் காசுகள் யாவும் 1652 என்னும் ஆண்டையே தாங்கின. காசிற் காணும் ஆண்டு அது பிறந்த ஆண்டாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்கா விடுதலை பெற்றபின், 1792ஆம் ஆண்டிற் காசுச் சட்டம் இயற்றப்பட்டது. பிலடெல்பியா நகரில் அக்கசாலை எழுந்தது. ஒரு டாலர் காசின் எடை 416 கிரெயின் என்றும், அதிற் கலந்துள்ள தூய வெள்ளி 371.25 கிரெயின் என்றும் சட்டம் வரையறுத்தது. 1794 அக்டோபர் 15ஆம் நாள் முதல் வெள்ளி டாலர்கள் 1,758 வெளிவந்தன. அவை யாவும் ஒரே இணை அச்சுகளால் அடிக்கப்பட்டவை. எடை மிக்க வில்லைகளை அரத்தால் அராவிச் சரிசெய்த பின்னரே அந்நாளிற் காசு அடித்தனர். அக்கீற்றுகள் இன்றும் பல காசுகளிற் காணப்படும். அறியாதார் அவற்றைக் குறையென்பர். அறிந்தாரோ அக்காலத் தொழின்முறையின் சான்றெனப் போற்றுவர். 1794ஆம் ஆண்டு டாலர்களுள் ஒன்று 2013இல் நடந்த ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கும் மிகுதியான விலை பெற்றது.

பொருள் மிகும் இடத்திற் பொய்யும் புகும். மெய்க்காசை மாதிரியாகக் கொண்டு அச்சுக்கூடு செய்து, அதில் உலோகத்தை உருக்கி வார்ப்பவர் சிலர். மெய்க்காசிலுள்ள ஆண்டின் எண்ணைச் சுரண்டி மாற்றுபவர் வேறு சிலர். இவற்றைக் கண்டறியும் வழிகள் பல உள.

முதலாவது நிறுத்தல். தேயாத பழைய டாலரின் எடை 26.96 கிராம். இரண்டாவது நீரில் அமிழ்த்தி நிறுத்தல். அத்தகைய டாலர் நீரில் ஏறத்தாழ 2.6 கிராம் எடை குறையும். செம்பின்மேல் வெள்ளி பூசிய போலியோ ஏறத்தாழ மூன்று கிராம் குறையும். மூன்றாவது விளிம்பை நோக்கல். நூறு சென்ட், ஒரு டாலர் எனப் பொருள்படும் எழுத்துகள் பழைய டாலரின் விளிம்பில் உள. வார்த்த போலியில் அவை மழுங்கியிருக்கும். இரு பாதிகள் இணைந்த கோடும் தோன்றும். நான்காவது ஒப்பிடல். அச்சில் எழுத்துகளும் விண்மீன்களும் ஒவ்வொன்றாகக் கையால் அறையப்பட்டன. ஆதலின் ஓர் அச்சுப்போல் மற்றோர் அச்சு இராது. அறிந்த அச்சு எதனோடும் பொருந்தாத காசு ஐயத்திற்குரியது.

காசு தொகுப்போர் மறவாது கொள்ள வேண்டிய நெறி ஒன்றுண்டு. பழங்காசைத் தேய்த்து மெருகிடலாகாது. காலம் படிவித்த கருநிறமும் ஒரு சான்றே. அதனைத் துடைப்பவர் சான்றையே அழித்தவராவர்.

இனி, 1804 என்னும் ஆண்டைத் தாங்கிய டாலரின் வரலாறு வியப்புக்குரியது. அவ்வாண்டில் 19,570 டாலர் அடித்ததாக அக்கசாலைக் கணக்குக் கூறும். எனினும் அவை முன்னாண்டு பொறித்த பழைய அச்சுகளால் அடிக்கப்பட்டவை. 1834இல் மஸ்கட், சயாம் நாட்டு மன்னர்க்குப் பரிசளிக்கக் காசுத் தொகுதிகள் செய்யுமாறு அரசு பணித்தது. அப்பொழுதே 1804 என்னும் ஆண்டைப் பொறித்த அச்சுகள் செய்யப்பட்டன. பின்னர், அக்கசாலைப் பணியாளர் சிலர் முறைகேடாகவும் சில காசுகளை அடித்தனர். அவற்றுள் ஒன்று, சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதிக்குரிய 1857ஆம் ஆண்டுக் காசின்மேல் அடிக்கப்பட்டது. பழைய உருவத்தின் சுவடு அதில் முற்றும் மறையாமையால், மறைத்த செயல் வெளிப்பட்டது. எரிக் நியூமன், கென்னத் பிரெசெட் என்னும் அறிஞர் இருவர் 1962இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக நிறுவினர். இன்று இவ்வகைக் காசுகள் மிகச் சிலவே அறியப்பட்டுள்ளன.

இக்காசுகளின் வெள்ளி மெய், அக்கசாலையும் மெய், ஆண்டு மட்டுமே பொய். தட்டின் ஓசை கேட்டும் எடை பார்த்தும் நின்றுவிடுபவர்க்கு இப்பொய் புலப்படாது. பொருளையும் ஏட்டையும் ஒருங்கு வைத்து, ஒன்றால் மற்றொன்றைச் சோதிப்பவர்க்கே அது புலப்படும். அரசின் முத்திரையே ஆயினும் ஆராய்ந்து கொள்ளுதல் அறிவுடைமை. தாம் தொகுத்த காசு போலியென அறிந்தவிடத்து, அதனை மறைத்துப் பிறர்க்கு விற்காமை நேர்மை. இவ்விரண்டும் உடையவரிடத்தேதான் நாணயம் என்னும் சொல்லின் இருபொருளும் ஒருங்கே விளங்கும்.