தூங்கும் விசிட்டிங் கார்டு ஆல்பத்துக்கு புது வேலை!

விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறி சென்னைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் பையில்தான் எத்தனை அட்டைகள்! ரயில் சீசன் டிக்கெட், அதற்கான அடையாள அட்டை, இறங்கியதும் மெட்ரோவுக்கோ மாநகரப் பேருந்துக்கோ சிங்கார சென்னை அட்டை. 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்காக வந்த இந்த அட்டை, 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் வந்துவிட்டது.

காலை அவசரத்தில் வீட்டிலேயே தங்கிவிடுவது பெரும்பாலும் அடையாள அட்டைதான். சீசன் கையில் இருந்தும் அது இல்லாவிட்டால், டிக்கெட் இல்லாத பயணி கணக்குதான். கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்!

இதற்காகப் புது பர்ஸ் வாங்க வேண்டாம். ஆபீஸ் மேஜையில் விசிட்டிங் கார்டுகளைச் செருகி வைக்கும் சின்ன பிளாஸ்டிக் ஆல்பம் இருக்குமே, நம்பரெல்லாம் மொபைலுக்குப் போன பிறகு தூசி படிந்து கிடக்கிறதே, அது போதும். சீசனும் அடையாள அட்டையும் எதிரெதிர் பக்கத்தில் இருக்கட்டும். திறந்ததும் பரிசோதகருக்கு இரண்டும் சேர்ந்தே தெரியும்.

ஒரு சின்னச் சிக்கல். விசிட்டிங் கார்டின் அகலம் பொதுவாக 51 மி.மீ. மெட்ரோ, ஏ.டி.எம். அட்டைகளுக்கு 54 மி.மீ. வித்தியாசம் 3 மி.மீ.தான் என்றாலும் இறுக்கமான உறையில் நுழையாது. முதலில் செருகிப் பாருங்கள்.

முக்கியமாக, சிங்கார சென்னை அட்டையை ஒட்டி, தட்டினாலே பணம் போகும் வங்கி அட்டையை வைக்காதீர்கள். இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பேசினால் கருவி குழம்பும். லண்டனில் இப்படி வேறு அட்டையிலிருந்து பணம் போவதுண்டு. அங்கே இதற்கு ‘கார்டு கிளாஷ்’ என்றே பெயர். தட்டும்போது அந்த ஒரு அட்டையை மட்டும் உருவி எடுத்துத் தட்டுங்கள்.