வெட்டி முடித்த கையோடு சார்ஜ் வேண்டாம்



போர்ட் கிள்ளான் வெயிலில் புல் வெட்டி முடித்ததும் என்ன செய்கிறோம்? சூடு ஆறாத பேட்டரியை அப்படியே சார்ஜரில் சொருகிடுறோம். லித்தியம்-அயன் மின்கலனுக்கு (தேர்வில் மின்கலன், வீட்டில் பேட்டரி!) வெப்பம் ஆகாது. கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு நிழலில் ஆறட்டும்.

'18 வோல்ட்' பேட்டரிக்குள் 3.6 வோல்ட் மின்கலன்கள் 5 தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும், மொத்தம் 21. அதற்கு மேலும் ஏற்றினால் உள்ளே வெப்பம் பெருகும், ஒரு மின்கலன் அடுத்ததைப் பற்றவைக்கும். முனை பொருந்துதே என்று மருந்தடிக்கும் பம்பின் சார்ஜரை மாட்டினால் இந்த நிலை வரலாம். கருவிக்கென்று தயாரித்த, சிரிம் முத்திரையுள்ள சார்ஜரையே பயன்படுத்துங்கள். உப்பிய, நசுங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது.

எனக்குப் பெரிய கவலை இடம்தான். தரைவீடுகளில் முன்வாசல் செருப்பு அலமாரிமேல் சார்ஜ் போட்டுவிட்டு, கிரில்லையும் பூட்டிக்கொண்டு தூங்குகிறோம். தீப்பிடித்தால் நாம் வெளியேற வேண்டிய வழியிலேயே அல்லவா எரியும்? வாசலை விட்டுத் தள்ளி, சிமெண்டுத் தரையில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். நிரம்பியதும் கழற்றிவிடுங்கள். புகை வந்தால் பேட்டரியைத் தூக்கப் போகாதீர்கள். எல்லாரும் வெளியே வந்து 999-ஐ அழையுங்கள், பொம்பா வரும்.