பென்ஷன் இல்லாத பட்டாளம்

விடிவதற்கு முன் பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் ஓடும் பையன்களை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள். காலில் இரவல் ஷூ, கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். கம்பியில் பத்து முறை எம்பினால் 40. ராணுவ ஆளெடுப்பு முகாமின் கணக்கு அது. மயிலாப்பூர், அடையாறு வட்டாரத்தின் வாரியக் குடியிருப்புகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

அவர்களில் அண்ணன் தம்பி இருவரை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மாவுக்குத் தி.நகர் துணிக்கடையில் வேலை. அண்ணன் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து 'சி' சான்றிதழ் வாங்கியவன். அதிகாரியாகிப் பரங்கிமலைக்குப் போக வேண்டும் என்று நிற்கிறான். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு 'அக்னிவீர்' ஆகப் போகிறேன் என்கிறான்.

"நாலு வருஷம் கழிச்சு இன்னாடா பண்ணுவே?" என்று தம்பியைக் கேட்டேன்.

"அப்ப பாத்துக்கலாம்ணா. இப்ப இன்னா வச்சிருக்கோம்?" என்றான்.

அந்த வீட்டில் ராணுவ ஆசை சினிமா பார்த்து வந்ததல்ல. இவர்களின் தாத்தா வடாற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். ராணுவத்தில் அந்தப் படையினரைச் செல்லமாகத் 'தம்பி' என்பார்கள். சேரிக்குள் செருப்புப் போட்டு நடந்து, ஊர்த்தெருவுக்கு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட தலைமுறை அது. சீருடையோடு லீவில் வந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி பூட்ஸைக் கழற்றாமல் நேராக நடந்து வந்ததாகப் பாட்டி இன்றும் சொல்லிச் சிரிப்பார். தாத்தா ஓய்வு பெற்றபின் வந்த பென்ஷனில்தான் குடும்பம் சென்னைக்கு வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இன்றைக்கும் மாதம் தவறாமல் அந்த வீட்டுக்கு வருகிற ஒரே பணம் பாட்டியின் குடும்ப ஓய்வூதியம்தான்.

நிலம் இல்லாத சாதிக்குப் பென்ஷன்தான் நிலம். இதைப் புரிந்துகொள்ளாமல் 'அக்னிபத்' பற்றிப் பேச முடியாது.

2022 ஜூன் 14 அன்று அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் சேர்ந்த சிப்பாய் பதினைந்து ஆண்டு, அதற்கு மேலும் பணியாற்றிவிட்டுப் பென்ஷனோடு வருவார். இப்போது நான்கே ஆண்டு. அதன்பின் நூற்றுக்கு 25 பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மற்ற 75 பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாய் 'சேவா நிதி'யோடு வீட்டுக்கு வரவேண்டும். அதில் பாதி அவர்களுடைய சம்பளத்திலிருந்தே மாதாமாதம் பிடித்த 30 சதவீதப் பணம். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். 2019-20இல் தரைப்படை 80,572 பேரை எடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டும் கொரோனாவைச் சொல்லி ஒருவரைக்கூட எடுக்கவில்லை. பிறகு அக்னிபத்தில் முதல் ஆண்டுக்குத் தரைப்படைக்கு ஒதுக்கியது 40,000. அதில் கால்வாசியென்றால் நிலைத்திருக்கப் போகிறவர்கள் 10,000 பேர். படையை இளமையாக்குகிறோம் என்பது அரசின் விளக்கம். 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கான 5.25 லட்சம் கோடியில் ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி பென்ஷனுக்குப் போனதையும் சேர்த்துப் படித்தால் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும்.

அந்த ஜூன் 18ஆம் தேதி சென்னை போர் நினைவுச் சின்னம் அருகே திரண்ட இளைஞர்களை மறந்திருக்க மாட்டீர்கள். உடல் தகுதி, மருத்துவம் இரண்டிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். தேர்வே ரத்தாகிவிட்டது. வயது வரம்பை அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 23 ஆக்கி, புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

படையைக் குறைக்கும்போது முதலில் யாரைக் கழிப்பார்கள் என்பதற்கு நம்மிடம் பழைய பாடம் உண்டு. கம்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1857க்குப் பிறகு 'போர்க்குணம் உள்ள சாதி' என்ற கதை கிளம்பியது. மதராஸ் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதைக் கொள்கையாகவே ஆக்கினார். 1862இல் 40 ஆக இருந்த மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் 1914இல் 11 ஆகிவிட்டன. 1920களில் சிக்கனம் என்ற பெயரில் அவற்றின் மிச்சமும் கலைந்தது. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு 1890களின் தொடக்கத்தில் கதவு அடைக்கப்பட்டது. ஓய்வு பெற்ற ராணுவ வீரர் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது. 1917இல் மகர்களுக்குத் தனிப் படைப்பிரிவு வந்தது. போர் முடிந்ததும் 1921இல் கலைத்துவிட்டார்கள். 1943இல் எழுப்பிய சமார் ரெஜிமெண்டுக்கு 1946இலேயே கதை முடிந்தது.

அந்தக் கதவு அடைபடுவதற்கு முன் உள்ளே போனவர்தான் சுபேதார் ராம்ஜி சக்பால். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவருடைய பதினான்காவது பிள்ளை மாவ் கண்டோன்மெண்டில் 1891இல் பிறந்தார். அந்தப் பிள்ளையின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. ராம்ஜி நான்கு ஆண்டில் கையில் ஒரு தொகையோடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில இரவுகளில் யோசித்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

சிப்பாயின் வேலை அவனோடு முடிவதில்லை. அவன் மகன் படிப்பான், பேரன் அதிகாரி ஆவான். சிப்பாயாகவே சேர்ந்து, ஆர்மி கேடட் கல்லூரி வழியாக அதிகாரியானவர்களும் உண்டு. நீண்ட காலம் பணியில் இருக்கும் சிப்பாய்கள் குறையும்போது இந்த இரண்டு ஏணியிலும் படிகள் குறையும்.

அண்ணன் பிடித்திருப்பது வேறு ஏணி. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி அடையாறிலிருந்து கூப்பிடு தூரம். சீனப் போருக்குப் பிறகு 1963இல் அவசரமாக அதிகாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. போர் ஓய்ந்து அந்த அவசரகால அதிகாரிகளை விடுவித்தபோது, அவர்களுக்கென்று ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளில்கூட இடம் ஒதுக்கினார்கள். அதிகாரியைக் குறைத்தால் அப்படி ஒரு மெத்தை. அக்னிவீரைக் குறைத்தால் என்ன என்பதற்கு 2022இல் அறிவித்தது மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 10 சதவீத இடம், அதற்கும் போட்டி.

ஆனாலும் குறுகிய காலப் பணி அதிகாரிக்கும் இன்று பெரிய மெத்தை இல்லை. பத்து ஆண்டு, வேண்டுமானால் இன்னும் நான்கு. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதில் பென்ஷன் இல்லாமல் வெளியே. அப்பாவுக்குச் சொந்த வீடும் மாமாவுக்குக் கம்பெனியும் இருப்பவனுக்கு அது இன்னொரு தொடக்கம். நம் வீட்டுப் பிள்ளைக்கு?

அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. ராணுவ அதிகாரி தேர்வில் பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீடு இல்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் எழுத்துத் தேர்வில் விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய் மட்டும் நமக்கு இலவசம்! என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருந்தால் சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே வேண்டாம், நேராக நேர்முகத்துக்குப் போகலாம். பெங்களூரில் ஐந்து நாள் நடக்கும் அது. முதலில் ஒரு படிவம் தருவார்கள். பெற்றோரின் படிப்பு, தொழில், வருமானம் எல்லாம் எழுத வேண்டும். பிறகு குழு விவாதம், இங்கிலீஷில். கான்வென்ட் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பழகிய பேச்சை இவன் மொட்டை மாடியில் மனப்பாடம் செய்துகொண்டு போகிறான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்னிபத் அறிவிப்பில் 'அனைத்திந்திய, அனைத்து வகுப்பு' அடிப்படையில் ஆளெடுப்பு என்று இருக்கிறது. சாதிப்பெயரில் ரெஜிமெண்ட் நடத்தும் நாட்டில் அது நல்ல வாசகம்தான். வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்டு வீட்டை ஒற்றை அறையாக்கிவிட்டார்கள் என்பதே என் குறை.

பரங்கிமலை அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயே பயின்று, மகர் ரெஜிமெண்டில் அதிகாரியாகி, 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். கதவடைத்தும் கலைத்தும் அழியாத ஒரு படையின் பெயர் அந்த மைதானத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது உடனே நோட்டில் குறித்துக்கொண்டான், நேர்முகத்தில் கேட்டால் சொல்லலாம் என்று.

2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியிலிருந்து நான்கு ஆண்டு முடிகிறது. தமிழக அரசு வேலைகளில் அவர்களுக்கு என்ன வழி, கல்விக்கடனும் சுழல் நிதியும் யார் மூலம் என்பதை இப்போதே ஆதிதிராவிடர் நலத்துறையும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். வந்து நின்றபின் பேசினால் அந்தப் பையன்கள் ஏதாவது ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி உடையில் நிற்பார்கள். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் பட்டியலினத்தவருக்கு 15 சதவீத இடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வைத்திருப்பவர்கள் அந்த நுழைவுத் தேர்வைத் தவறவிடாதீர்கள்.

தம்பி இப்போது ஐந்து நிமிடம் நாற்பது விநாடிக்கு வந்துவிட்டான். இன்னும் பத்து விநாடி குறைக்க வேண்டும். அண்ணனும் இன்னும் மூன்று பிள்ளைகளும் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் கூடுகிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்த நான் நடுவில் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களை இங்கிலீஷில் சண்டை போட வைக்கிறேன். போன வாரத் தலைப்பைப் பாட்டிதான் சொன்னார்: பட்டாளத்தானுக்குப் பென்ஷன் வேணுமா, வேணாமா.