ஹெரால்டு இன்ஜினை இறக்கும்போது

சென்னையில் தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர் போனால், ஜி.எஸ்.டி. சாலையோரம் ஓர் ஐ.டி. வளாகம் நிற்கிறது. ஒருகாலத்தில் அந்த மண்ணில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1961-ல் விற்பனைக்கு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னை பெற்றெடுத்த கார்.

இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. வீட்டு உபயோகக் கார்தான், ஆனால் அதன் இன்ஜின் லேசுப்பட்டதல்ல. ஹெரால்டின் சேஸியை நீளம் குறைத்து, இதே இன்ஜின் வம்சத்தின் 1147 சி.சி. வடிவத்தைப் பொருத்தி 1962-ல் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1965-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அது தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. நம் பக்கத்தில், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஹெரால்டுகளும் பந்தயம் ஓடின. வீட்டுக் காரின் இன்ஜினைத் தட்டியெழுப்பி வேகம் கூட்டும் கைப்பழக்கம் சென்னை மெக்கானிக்குகளுக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

இன்றும் சில ஹெரால்டுகள் ஓடுகின்றன. சைலன்ஸரில் நீலப்புகை, மேம்பாலத்தில் இழுவை இல்லாமை, சூடேறியதும் மினுங்கும் ஆயில் விளக்கு. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். வேலை செய்ய இதைவிட வசதியான கார் நான் பார்த்ததில்லை. பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பேனர் பிடிக்கலாம்.

இறக்குவதற்கு முன்பே செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னே நகர்ந்தால் ஆபத்து. கிராங்க் ஷாஃப்ட் முன்பின் ஆடாமல் பிடித்துக்கொள்வது, பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் இருக்கும் இரண்டு அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள்தான். அவை தேய்ந்து மெலிந்தால் நழுவி ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே உரசும், பிளாக் பாழாகும். புதிதாகப் போடும்போது வாஷரில் காடி வெட்டியுள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் போகாமல் சீக்கிரமே தேய்ந்துவிடும். சின்ன வாஷர்தான், ஆனால் இந்த இன்ஜினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

பிரித்த பிறகு எல்லாமே அளவுக் கணக்கு. சிலிண்டரின் உச்சியில், ரிங் எட்டாத இடத்துக்குக் கீழே விரல் நகத்தை ஓட்டினால் ஒரு விளிம்பு தட்டும். தேய்மானம் அங்கேதான் அதிகம். போர் கேஜால் மேலே, நடுவே, கீழே என்று அளந்து, தேய்மானம் அளவு மீறியிருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்ற வேண்டும். செம்பியத்தில் 1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை இயங்கும் ஊர் சென்னை. பழைய உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. எனவே பொருள் தேடுவது கஷ்டமே தவிர முடியாத காரியமல்ல. புது ரிங்கை அப்படியே பிஸ்டனில் மாட்டிவிடாதீர்கள். சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ரிங் கோணாமல் உள்ளே தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து முட்டி உடையும்.

ஹெட்டில் வேறு பிரச்சினை. பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் நின்றுபோனது. அதனால் ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடினமான சீட் ரிங் பதித்துவிடுவது நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் அதைத் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள்.

வேகம் கூட்ட எவ்வளவு இடமிருக்கிறது? ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜினில் ஒரு சிலிண்டரின் பங்கு 237 சி.சி. கம்ப்ரஷன் 8-க்கு 1 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 34 சி.சி. 9-க்கு 1 ஆக்க அதை 30-க்குக் கொண்டுவந்தால் போதும். வித்தியாசம் ஒரு டீஸ்பூன்கூட இல்லை! ஹெட் ஃபேசிங்கில் ஒரு சீவல் கூடினாலும் சென்னை வெயிலில் இன்ஜின் நாக் அடிக்கத் தொடங்கும். இங்கிலாந்தில் இதே 948-க்கு இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் பொருத்தி, கம்ப்ரஷனை 8.5 ஆக்கி, 35 குதிரைத்திறன் தந்ததை 45 ஆக்கினார்கள். நம் சாலைக்கு அதுவே தாராளம். அதற்கு மேல் போகிறவர்கள் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் எனப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடையாது. ஹெரால்டுகள் எல்லாம் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. எனவே புதுப்பிக்கத் தயங்காதீர்கள், மாற்றியமைக்கும் முன் யோசியுங்கள். எதை மாற்றினாலும், கழற்றிய ஒரிஜினல் கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள்.